முதலில் மடிப்பைப் பாருங்கள்
அமெரிக்க அதிபர் ஆபிரகாம் லிங்கன் எழுதிய கடிதம் என்று ஒன்று விலைக்கு வந்தால் கையெழுத்தைப் பிறகு பார்க்கலாம், முதலில் மடிப்பைப் பாருங்கள். பத்து மடங்கு லென்ஸ் போதும். எழுதிய பிறகு மடித்த தாளில் மைக்கோடு மடிப்போடு சேர்ந்து வெடித்திருக்கும். பழைய தாளில் பின்னாளில் எழுதிய போலியில், மடிப்பு நைந்திருப்பதால் மை இழைக்குள் கசிந்து பூனைமீசை போலப் பரவி நிற்கும்.

கடிதங்களில் 'ஏ. லிங்கன்' என்றே பெரும்பாலும் கையெழுத்திடுவார். முழுப்பெயர் பெரும்பாலும் நியமன ஆணை போன்ற அரசு ஆவணங்களில்தான்.

போரில் மகன்களை இழந்த பிக்ஸ்பி என்ற தாய்க்கு லிங்கன் பெயரில் போன, 1864 நவம்பர் 21 தேதியிட்ட ஆறுதல் கடிதத்தின் அசல் கிடைக்கவே இல்லை. பரணில் இருந்து எடுத்ததாக யாராவது நீட்டினால், அது 1890களிலிருந்து விற்ற அச்சு நகலாகவே இருக்கும்.

அசல் லிங்கன் கடிதம் ஏதாவது கிடைத்தவர்கள் தயவுசெய்து லேமினேட் செய்யாதீர்கள், செலோடேப் ஒட்டாதீர்கள். ஈரமும் படவிடாதீர்கள்: இரும்பு உப்பு சேர்த்துச் செய்த அந்தக் கால மை, ஈரம் பட்டால் தாளையே அரித்துவிடும்.