பாய்மரப் படகின் பழைய அடிப்பூச்சை உரித்த அனுபவம்

ஒன்ராறியோ ஏரியில் ஓட்டுவதற்காக நான் வாங்கிய சி அண்ட் சி 27 பாய்மரப் படகு 1976இல் கட்டப்பட்டது. அக்டோபரில் அதைக் கரையேற்றி இரும்புத் தாங்கியில் நிறுத்தியபோது, நீர்மட்டத்துக்குக் கீழே இருந்த பாசித்தடுப்புப் பூச்சு ஏடு ஏடாக எழும்பி நின்றது. முன்பு வைத்திருந்தவர்கள் பழையதை நீக்காமல் அதன் மேலேயே பூசி வந்திருக்கிறார்கள். உதிர்ந்த ஒரு துண்டின் விளிம்பைப் பார்த்தேன்: கறுப்பு, நீலம், சிவப்பு, மீண்டும் நீலம் என்று ஏழு அடுக்குகள், ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் கனம். அதற்கடியில், படகின் உடலான கண்ணாடி இழையைக் காக்கும் ஜெல்கோட் என்ற பிசின் மேற்பூச்சின் கனமோ அரை மில்லிமீட்டர் அளவுதான்.

ஏப்ரலில் வேலையைத் தொடங்கினேன். சாதாரணப் பெயின்ட் நீக்கி ஜெல்கோட்டையும் இளக்கிவிடும் என்பதால், கண்ணாடி இழைக்கென்றே தயாரிக்கப்பட்ட களிம்பை வாங்கி, ஓரடிச் சதுரத்தில் தடவி, பிளாஸ்டிக் தாளால் மூடி, ஓர் இரவு விட்டுப் பார்த்தேன். குளிரில் அது மந்தமாகவே வேலை செய்தது. மேலடுக்குகள் மூன்று மட்டும் குழைந்து வந்தன. எஞ்சியதைச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது.

இந்த வேலைக்குக் கார்பைடு அலகுள்ள சுரண்டியே ஏற்றது என்பது என் முடிவு. அலகின் கூர்மூலைகள் படகில் கோடு கிழிக்காதிருக்க, அவற்றை முதலில் வைரத்தூள் அரத்தால் மழுக்கினேன். ஒரு கையால் தலைப்பகுதியை அழுத்திக்கொண்டு மறுகையால் நம்மை நோக்கி இழுக்கும்போது, பூச்சின்மீது கரகரவென்று வரும் ஓசை, ஜெல்கோட்டைத் தொட்டவுடன் மெல்லிய கிறீச்சொலியாக மாறுகிறது. இரண்டாம் நாளிலிருந்து கண்ணைவிடக் காதையே அதிகம் நம்பினேன். செம்புச் சேர்மமும், இவ்வளவு பழைய படகென்பதால் பின்னாளில் தடைசெய்யப்பட்ட டிரைபியூட்டைல்டின் என்ற நச்சு வெள்ளீயச் சேர்மமும் அடியடுக்குகளில் இருக்கக்கூடும். எனவே நுண்தூசியைத் தடுக்கும் பி100 வடிகட்டியுள்ள முகமூடி அணிந்து, தரையில் தார்ப்பாய் விரித்து, உதிர்ந்தவற்றை ஒரு துளிகூட மண்ணில் விடாமல் திரட்டி வைத்தேன்.

தவறு நேர்ந்தது மூன்றாம் வார இறுதியில். மிச்சமிருந்த கறையை நீக்க, 80ஆம் எண் உப்புத்தாள் பொருத்திய தேய்ப்பு இயந்திரத்தைப் பிடித்திருந்தேன். அடிப்பக்கம் வளையும் இடத்தில் தட்டு சற்றே சாய்ந்தது; சில நொடிகளில் ஜெல்கோட்டின் வெண்மை மறைந்து, கட்டைவிரல் அகலத்துக்குக் கண்ணாடி இழையின் நெசவு தெரிந்தது. அதன் பிறகு வளைவுகளில் இயந்திரத்தை வைக்கவே இல்லை. தாளைக் கட்டையில் சுற்றி, தண்ணீர் தெளித்து, கையாலேயே தேய்த்தேன்.

பூச்சு முழுதும் போன பிறகுதான் படகின் உண்மை நிலை தெரிந்தது. கீல் எனப்படும், படகின் அடியில் நீட்டிநிற்கும் கனமான பகுதியின் அருகே பட்டாணி அளவில் பதினொரு கொப்புளங்கள் இருந்தன. கண்ணுக்குக் காப்பு அணிந்து ஒன்றைக் குத்தியபோது, பிசுபிசுத்த நீர் வெளிவந்து வினிகர்போல் மணத்தது. கண்ணாடி இழையைப் பிணைக்கும் பிசினுக்குள் ஊறிய நீர் அதைச் சிதைத்து உண்டாக்கும் அமிலத்தின் வாசனை அது. பதினொன்றையும் திறந்து, நன்னீரால் பலமுறை கழுவி, உலர விட்டிருக்கிறேன்.

ஈரம் போய்விட்டதா என்று பார்க்க, சிறிய பிளாஸ்டிக் தாளின் நான்கு ஓரங்களையும் படகின்மீது ஒட்டி வைத்தேன். நேற்று மாலை அதன் உட்புறத்தில் இன்னும் நீர்த்துளிகள் தெரிந்தன. எபாக்சி நிரப்பலையும் நீர்த்தடுப்புப் பூச்சையும் மே நடுவரை தள்ளிவைத்திருக்கிறேன். படகு ஏரியில் இறங்குவதும் அந்த அளவுக்குத் தாமதமாகும்.