கேட்டு வாங்கிய 42 கிலோமீட்டர்

லண்டன் மாரத்தானில் ஓட விரும்பும் சாதாரண மனிதருக்கு இருக்கும் முதல் வழி குலுக்கல். 2025-ஆம் ஆண்டு ஓட்டத்துக்கு 8 லட்சத்து 40 ஆயிரம் பேருக்கு மேல் பெயர் கொடுத்திருந்தார்கள். அந்த ஆண்டு ஓடி முடித்தவர்கள் 56,640 பேர். குலுக்கலை மட்டுமே நம்பியிருப்பவர் பல ஆண்டுகள் காத்திருக்க நேரிடும். இன்னொரு வழி, தொண்டு நிறுவனங்களிடம் உள்ள இடங்கள். நிறுவனம் அமைப்பாளர்களுக்குப் பணம் கட்டிச் சில இடங்களைப் பெற்று வைத்திருக்கும். அந்த இடத்தில் ஓட வருபவர், பெரும்பாலும் 2,000 பவுண்டுக்குக் குறையாத ஒரு தொகையை நன்கொடையாகத் திரட்டித் தருவதாக ஒப்புக்கொள்ள வேண்டும். சிறுநீரக நோயாளிகளுக்காகப் பணியாற்றும் ஒரு தொண்டு நிறுவனத்தின் அணியில் நானும் என் தோழியும் இந்த வழியில்தான் சேர்ந்தோம்.

தோழி என்று எழுதினாலும் நான் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுவேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஈஸ்ட் ஹாமில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வாழ்கிறவர். நான் கணவரின் வேலையை ஒட்டித் தமிழ்நாட்டிலிருந்து வந்தவள். அவருடைய அண்ணனுக்குச் சிறுநீரகங்கள் செயலிழந்து, செவ்வாய், வியாழன், சனிக்கிழமைகளில் ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் நடக்கிறது. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அவர் பெயர் இருக்கிறது. இந்த நாட்டில் தெற்காசியர்களிடையே நீரிழிவும் சிறுநீரகச் செயலிழப்பும் மற்றவர்களைவிட அதிகம். ஆனால் இரத்த வகையும் திசுவகையும் பொருந்தக்கூடிய தெற்காசியக் கொடையாளர்கள் குறைவு. அதனால் நம்மவர்கள் பட்டியலில் காத்திருக்கும் காலம் நீள்கிறது. அக்கா ஓடத் தீர்மானித்ததற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டியதில்லை. நான் சேர்ந்ததற்குக் காரணம், அவர் கேட்டார் என்பதுதான்.

அப்படி ஒருவர் என்னிடம் ஒன்றைக் கேட்டது இந்த நாட்டுக்கு வந்த பிறகு அதுவே முதல் தடவை என்பதை அப்போதே உணர்ந்தேன். என் விசாவில், பொது நிதியிலிருந்து உதவி பெறும் உரிமை இல்லை என்று ஒரு வரி இருக்கிறது. அரசின் உதவித்தொகைகளையும் வீட்டு உதவியையும் பற்றிய சட்ட வரி அது. ஆனால் புதிதாக வந்தவர் மனத்தில் அது அந்த எல்லையோடு நிற்பதில்லை. பக்கத்து வீட்டுக்காரரிடம் ஏணி கேட்கத் தயங்குகிறோம். பேருந்தில் வழி கேட்பதற்குப் பதிலாகக் கைபேசியைப் பார்த்துக்கொள்கிறோம். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் வாழ்வதையே நல்ல குடிமைப் பண்பு என்று எண்ணிக்கொள்கிறோம். யாரிடமும் எதையும் கேட்காதவரை ஒருவர் விருந்தாளியாகவே இருந்துவிடுகிறார் என்பதைத் தொண்டு அணியின் அந்த நிபந்தனைதான் எனக்குத் தெளிவாக்கியது. திரட்ட வேண்டிய தொகை எங்கள் உறவினர் வட்டத்துக்குள் முடிகிற அளவில் இல்லை. முன்பின் அறியாதவர்களிடம் கேட்டே ஆக வேண்டும்.

நன்கொடைப் பக்கத்துக்கு நான் எழுதிய முதல் குறிப்பை அக்காவிடம் காட்டினேன். அதில் மாரத்தானின் தூரமும் என் பயிற்சித் திட்டமும் விரிவாக இருந்தன. "நீர் எவ்வளவு தூரம் ஓடுறீர் எண்டது ஆருக்கு வேணும்? ஆருக்காக ஓடுறீர் எண்டதை முதல் எழுதும்" என்றார் அவர். அதன்படி, வாரத்தில் மூன்று நாள் நான்கு மணி நேரம் ஒரு நாற்காலியில் அமர்ந்திருப்பது என்றால் என்ன என்பதை, அவருடைய அண்ணனின் அனுமதியோடு எழுதினோம்.

கீழ்த்தளத்தில் குடியிருந்த முதியவரோடு அதுவரை எனக்கிருந்த பழக்கம் தலையசைப்பு மட்டும்தான். கதவைத் தட்டி, அச்சிட்ட நன்கொடைப் படிவத்தை நீட்டினேன். அவர் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து வந்து, முழுவதையும் நின்றபடியே படித்தார். பிறகு உள்ளே போய் ஒரு பத்து பவுண்டு தாளோடு திரும்பி, தம் மனைவியும் கடைசிக் காலத்தில் டயாலிசிஸில் இருந்தவர்தான் என்றார். படிவத்தில் பெயர், வீட்டு முகவரி, அஞ்சல் குறியீடு ஆகியவற்றைப் பெரிய எழுத்துகளில் நிதானமாக நிரப்பி, கிஃப்ட் எய்ட் கட்டத்தில் தாமாகவே குறியிட்டார். வருமான வரி செலுத்துபவர் அந்தக் கட்டத்தில் குறியிட்டால், ஒவ்வொரு பவுண்டுக்கும் 25 பென்ஸை அரசிடமிருந்து தொண்டு நிறுவனம் கூடுதலாகப் பெறும். அவர் தந்த பத்து பவுண்டு பன்னிரண்டரை ஆகிவிடும். அதன் பிறகு அவர் என்னைப் பார்க்கும்போதெல்லாம் எவ்வளவு தூரம் ஓடினேன் என்று விசாரிக்கத் தொடங்கினார். கேட்கப்பட்டவருக்கும் திரும்பக் கேட்கும் உரிமை வந்துவிடுகிறது; அந்த உரிமையை அவர் மகிழ்ச்சியோடு பயன்படுத்திக்கொண்டார்.

ஏப்ரல் இறுதியில் நடக்கும் ஓட்டத்துக்குப் பயிற்சி முழுவதும் குளிர்காலத்தில்தான் அமையும். டிசம்பரில் லண்டனில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். வாரநாள் ஓட்டங்களை இருட்டில், ஒளியை எதிரொளிக்கும் மஞ்சள் மேலங்கியோடு முடித்தோம். சனிக்கிழமை அக்கா அண்ணனோடு மருத்துவமனைக்குப் போவார் என்பதால், நான் தனியாகப் பார்க்ரன் ஓட்டத்துக்குப் போவேன். 2004 அக்டோபரில் புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கி இன்று உலகெங்கும் நடக்கும் அந்த 5 கிலோமீட்டர் ஓட்டத்துக்குக் கட்டணம் எதுவும் இல்லை. அதைத் தொடங்கிய பால் சின்டன்-ஹியூவிட் தென்னாப்பிரிக்காவில் வளர்ந்து இங்கே வந்து குடியேறியவர் என்று அறிந்தபோது எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டானது.

நீண்ட ஓட்டம் ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. எங்கள் பாதை பெரும்பாலும் கிரீன்வே. விக்டோரியா பூங்கா அருகிலிருந்து பெக்டன் வரை நீளும் இந்த உயரமான நடைபாதை, உண்மையில் லண்டனின் வடபகுதிக் கழிவுநீரைக் கொண்டுசெல்லும் பெருங்குழாய்களின் மேல் அமைந்த கரை. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் நாடாளுமன்றமே திணறிய பிறகு, ஜோசப் பசல்ஜெட் என்ற பொறியாளர் வடிவமைத்துக் கட்டிய அமைப்பின் ஒரு பகுதி அது. சில இடங்களில் இன்றும் காலடியிலிருந்து நாற்றம் எழும். ஆனால் வாகனங்கள் இல்லை, ஏற்ற இறக்கம் இல்லை. இரு புறமும் வீடுகளின் பின்கட்டுகள், கல்லறைத் தோட்டம், தொலைவில் கேனரி வார்ஃப் கட்டடங்கள். நான் வாழும் ஊரை அந்த உயரத்திலிருந்துதான் முதன்முதலாக முழுமையாகப் பார்த்தேன்.

வேகம் அக்காவின் பொறுப்பு. "கதைச்சுக்கொண்டு ஓடலாம் எண்டால்தான் அது சரியான வேகம், கதை நிண்டால் வேகத்தைக் குறையும்" என்பது அவர் விதி, பயிற்சியாளர்கள் சொல்வதும் அதுவே. தசைகளிலும் கல்லீரலிலும் சேமிக்கப்பட்டிருக்கும் கிளைக்கோஜன் என்ற மாவுச்சத்து பலருக்கு ஏறத்தாழ 30 கிலோமீட்டரை ஒட்டித் தீரத் தொடங்கும். ஓட்டக்காரர்கள் சுவரில் மோதுவதாகச் சொல்லும் சோர்வு அதுதான். மெதுவான நீண்ட ஓட்டங்கள் கொழுப்பையும் எரிபொருளாகப் பயன்படுத்த உடலைப் பழக்குகின்றன. மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்தை ஜெல்லாக உட்கொள்ள வயிற்றைப் பழக்குவதும் அந்த ஞாயிற்றுக்கிழமைகளில்தான். இவையெல்லாம் எந்தப் பயிற்சித் திட்டத்திலும் கிடைக்கும் செய்திகள்.

தண்ணீரைப் பற்றி அணியில் கற்றதுதான் வேறு எங்கும் கிடைத்திருக்காது. எங்கள் அணியில் டயாலிசிஸ் பிரிவில் பணியாற்றும் ஒரு செவிலியர் இருந்தார். மாற்றுச் சிறுநீரகம் பெற்று ஓடிக்கொண்டிருந்தவர் ஒருவரும் இருந்தார். தாகம் எடுக்கும் அளவுக்கே குடிக்க வேண்டும் என்று செவிலியர் திரும்பத் திரும்ப வலியுறுத்துவார். 2002 பாஸ்டன் மாரத்தானில் ஓட்ட முடிவில் இரத்தப் பரிசோதனை செய்யப்பட்ட 488 பேரில் 13 விழுக்காட்டினருக்குச் சோடியம் அளவு இயல்பைவிடக் குறைந்திருந்ததையும், அளவுக்கு மீறிக் குடித்ததே அதற்கு முக்கியக் காரணம் என்பதையும் அவர்தான் விளக்கினார். ஓட்ட நாளை ஒட்டி ஐப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகளைத் தொடவே கூடாது, உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் அவை சிறுநீரகத்தைத் தாக்கும் என்றும் எச்சரித்தார்.

ஒரு ஞாயிறு நீண்ட ஓட்டம் முடிந்து அக்காவின் வீட்டுக்குப் போனபோது, அவருடைய அண்ணன் சமையலறை மேசையில் அன்றைய தண்ணீரைப் பிரித்து வைத்துக்கொண்டிருந்தார். மருத்துவர் அனுமதித்த அளவைக் காலையிலேயே ஒரு போத்தலில் ஊற்றிவிடுவார். தேநீரும் குழம்பின் நீரும்கூட அந்தக் கணக்கில் கழியும். போத்தலின் பக்கத்தில் பேனாவால் கோடுகள் இட்டிருந்தார். நாங்கள் இடுப்பில் கட்டியிருந்த தண்ணீர்க் குப்பிகளைக் கழற்றி அதே மேசையில் வைத்தோம். அவற்றை எடுத்துப் பார்த்து, எந்தக் கிலோமீட்டரில் எவ்வளவு குடித்தோம் என்று அவர் விவரமாகக் கேட்டார். ஒரு மிடறு நீரின் அருமையை அறிந்த ஒருவர் கேட்ட கேள்வி அது. அன்றிலிருந்து அவரும் எங்கள் அணியில் ஒருவர் என்றே நான் எண்ணினேன்.

ஏப்ரல் 27 லண்டனுக்கு வெப்பமான நாளாக விடிந்தது. ஓட்டம் தொடங்கும் இடத்தில் குளிருக்காக அணிந்துவந்த பழைய மேலாடைகளைப் பலர் கழற்றி விட்டுச் செல்வார்கள். அவையும் சேகரிக்கப்பட்டுத் தொண்டுக்குப் போகின்றன. 1981-இல் நடந்த முதல் லண்டன் மாரத்தானில் அமெரிக்கரான டிக் பியர்ட்ஸ்லியும் நார்வேக்காரரான இங்கே சிமன்சனும் கைகோத்தபடி ஒன்றாக எல்லைக்கோட்டைக் கடந்து முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார்கள். எங்களுக்கு முதலிடம் பற்றிய கவலை இல்லையென்றாலும், ஒன்றாக முடிப்பது என்பதில் அக்கா உறுதியாக இருந்தார். கட்டி சார்க் கப்பலைச் சுற்றி, டவர் பாலத்தைக் கடந்து, பாதித் தூரத்தை நெருங்கும் வரை பேசிக்கொண்டே ஓடினோம். ஹைவே என்ற சாலையில் நிற்பவர்கள், போகும்போது ஒரு முறையும் கேனரி வார்ஃபைச் சுற்றித் திரும்பும்போது மறுமுறையும் ஓட்டக்காரர்களைப் பார்க்க முடியும். அதனால்தான் அண்ணன் அங்கே மடக்கு நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். முதல் முறை நாங்கள் கையசைத்துக் கடந்தோம். இரண்டாம் முறை அக்காவின் கால் தசை பிடித்துக்கொண்டிருந்தது; தம் தங்கை நொண்டி வருவதைப் பார்த்த அண்ணன் எழுந்து நின்று, அவசரப்படாமல் நடந்து போகும்படி உரத்துச் சொன்னார். நடந்தோம், பிறகு ஓடினோம். தி மால் சாலையில் இருவரும் ஒன்றாகவே முடித்தோம்.

அந்த ஆண்டு மாரத்தான் ஓட்டக்காரர்கள் எல்லோருமாகத் திரட்டிய தொகை 8 கோடியே 73 லட்சம் பவுண்டு. எங்கள் இருவரின் பங்கு அதில் ஒரு துளி. ஆனால் தமிழ்ப் பள்ளியின் வாசலில் நாங்கள் போட்ட நன்கொடை மேசை ஓட்டத்தோடு நிற்கவில்லை. பணம் தர வந்தவர்கள் சிறுநீரகத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கியிருந்தார்கள். இங்கிலாந்தில் 2020 மே 20 முதல், மறுப்புத் தெரிவிக்காத வயதுவந்தோர் உடலுறுப்புக் கொடைக்கு இசைந்தவர்களாகவே கருதப்படுகிறார்கள். இருந்தாலும் மரண வேளையில் மருத்துவர்கள் குடும்பத்தாரிடம் பேசாமல் எதையும் செய்வதில்லை. வீட்டில் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்காவிட்டால் குடும்பம் தடுமாறி மறுத்துவிடக்கூடும். ஆகவே அக்கா இப்போது பணம் கேட்பதில்லை. கொடையாளர் பட்டியலில் பெயரைப் பதிந்துவிட்டு, அதை இன்றிரவே வீட்டில் சொல்லுங்கள் என்று கேட்கிறார். நான் பக்கத்தில் அமர்ந்து, படிவங்களைத் தமிழில் விளக்குகிறேன். போன பருவத்தில் பேரனைக் கூட்டிப்போக வந்த ஒரு பெரியவர், எழுபது வயதுக்காரனின் உறுப்பை எடுப்பார்களா என்று கேட்டார். பதிவதற்கு வயது வரம்பு இல்லை, எது பயன்படும் என்பதை அந்த நேரத்தில் மருத்துவர்கள் முடிவு செய்வார்கள் என்றேன். அவர் பேனாவை வாங்கிக்கொண்டு, மகனைக் கைபேசியில் கூப்பிட்டார்.