ஏர்போட் கவுண்டரில் எவ்வளவு வெள்ளி (ரிங்கிட்) மாற்றலாம்?

மலேசியாவில் நம் சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் இந்தியாவுக்கு டிக்கெட் எடுத்த எந்த வீட்டிலும் இந்தக் கேள்வி எழும்: “காசை இங்கயே மாத்திடவா, அங்க எறங்கி மாத்திக்கவா?” தம்பி ஒன்று சொல்வார், மாமா வேறொன்று சொல்வார். இரண்டுமே பாதிதான் சரி. இறங்கிய முதல் ஒரு மணி நேரத்துக்கான காசை இங்கிருந்தே ரூபாயாகக் கொண்டு போக வேண்டும். மீதியை அங்கே ஊருக்குள் போய் மாற்ற வேண்டும். விமான நிலையக் கவுண்டர் இந்த இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர்களுக்கு மட்டும்.

முதலில் ரேட் பலகையைப் படிக்கத் தெரிய வேண்டும். நம் ஊர் மணி சேஞ்சர் கடைகளில் ரூபாய்க்கு நேரே இருக்கும் எண் பெரும்பாலும் 100 ரூபாய்க்கான விலை. சிங்கப்பூர் டாலருக்கும் அமெரிக்க டாலருக்கும் ஒரு டாலருக்கான விலை இருக்கும். அதே பலகையில் ரூபாய், தாய்லாந்து பாட், ஜப்பான் யென் எல்லாம் நூற்றுக் கணக்கில் இருக்கும். இந்தோனேசிய ரூப்பியாவுக்கு இன்னும் பெரிய அலகு. வரிசையின் ஓரத்தில் சின்னதாக எழுதியிருக்கும் அலகைப் பார்க்காமல் கணக்குப் போட்டால் எல்லாமே குழம்பும். அடுத்தது, இரண்டு பத்திகளில் எது நமக்கு என்பது. ‘வாங்கும் விலை’, ‘விற்கும் விலை’ இரண்டும் கடைக்காரர் பக்கத்திலிருந்து சொல்வது. அவர் ரூபாயை விற்கிறார், நாம் வாங்குகிறோம். ஆகவே இங்கே நமக்கு விற்கும் விலை. சென்னையில் போய் வெள்ளியைக் கொடுக்கும்போது அங்குள்ளவர் நம் வெள்ளியை வாங்குகிறார். அங்கே நமக்கு வாங்கும் விலை.

ரேட் தினமும் மாறும். அதனால் கணக்கு எளிதாக வர, சந்தை விலை 1 வெள்ளிக்கு 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். கைப்பேசியில் தேடினால் வருவது இந்த நடு விலைதான். அந்த விலைக்கு யாரும் தரமாட்டார்கள். அதிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். நம் ஊர்க் கடை 100 ரூபாயை 5.15 வெள்ளிக்கு விற்றால் 1,000 வெள்ளிக்குக் கிட்டத்தட்ட 19,400 ரூபாய் வரும். அங்கே நகரத்துக் கடை 1 வெள்ளியை 19.60-க்கு வாங்கினால் 19,600. விமான நிலையக் கவுண்டர் 17.50 போட்டால் 17,500. கிட்டத்தட்ட 2,000 ரூபாய் வித்தியாசம். நம் காசில் நூறு வெள்ளி. ‘கமிஷன் இல்லை’ என்று பெரிதாக எழுதி ஒட்டியிருந்தாலும் இதுதான் கதை. கமிஷன் ஏற்கெனவே ரேட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது.

ஏன் இவ்வளவு குறைவு? பெட்டி சுற்றி வரும் கூடத்தில் போட்டி கிடையாது. வாடகை அதிகம். வருகிறவர் களைத்துப்போயிருப்பார், வெளியே உறவினர் காத்திருப்பார், கையில் உள்ளூர்க் காசு ஒன்றும் இருக்காது. இந்த அவசரத்துக்குத்தான் விலை. கோலாலம்பூர் விமான நிலையமான கேஎல்ஐஏ-வில் கிளம்பும் பக்கம் இருக்கும் கவுண்டர்களிலும் ஏறக்குறைய இதே நிலைமை. “பஸ் பிடிச்சு ஏர்போட் போய் மாத்திக்கலாம்” என்று நினைப்பவர்கள் ஈப்போவிலேயே முடித்துவிட்டுப் போவது நல்லது. கோலாலம்பூரில் ஒரு நாள் தங்குகிறவர்களுக்கு மஸ்ஜித் இந்தியா, பிரிக்பீல்ட்ஸ் பக்கம் கடைகள் அருகருகே இருக்கின்றன. நாலு கடை கேட்டுப் பார்க்கலாம்.

இங்கே மாற்றும்போது மலேசிய மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் உரிமம் உள்ள கடையா என்று பாருங்கள். உரிமத்தைக் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும், ரசீது தர வேண்டும். தொகை 3,000 வெள்ளியைத் தொட்டால் ஐசி (அடையாள அட்டை) கேட்பார்கள், அதற்காகக் கோபிக்க வேண்டாம். சின்னப் பட்டணங்களில் இன்னொரு சிக்கல், ரூபாய் கையிருப்பு. நவம்பர், டிசம்பரில் சபரிமலைக் குழுக்கள் கிளம்பும், பள்ளி விடுமுறையும் சேரும். அந்தச் சமயம் போன் போட்டு, “அண்ணே, இந்தியாக் காசு இருக்கா? நூறு ரூபா நோட்டாக் கெடைக்குமா?” என்று கேட்டுவிட்டுப் போனால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்காது.

நம் பக்கம் விற்கும் ரூபாயில் நிறைய, ஊருக்குப் போய் வந்தவர்கள் மீதம் கொண்டுவந்து விற்ற நோட்டுகள். கடையை விட்டு நகரும் முன் ஒவ்வொன்றாகப் பாருங்கள். இப்போது ஓடும் 500 ரூபாய் சாம்பல் நிறம், 200 நல்ல மஞ்சள், புதிய 100 ஊதா கலந்த வெளிர் நிறம். 100, 50, 20, 10 ரூபாயின் பழைய வடிவங்களும் செல்லும். செல்லாதவை 2016 நவம்பர் 8-ஆம் தேதி இரவு அறிவித்து நிறுத்திய பழைய 500-ம் 1,000-மும். 2,000 ரூபாய் நோட்டை 2023 மே மாதம் புழக்கத்திலிருந்து திரும்பப் பெறுவதாக ரிசர்வ் வங்கி அறிவித்தது. சாதாரண வங்கிக் கிளைகளில் மாற்றும் வசதி அந்த ஆண்டு அக்டோபர் 7-உடன் முடிந்து, பிறகு ரிசர்வ் வங்கியின் குறிப்பிட்ட அலுவலகங்களில் மட்டும் என்றாகிவிட்டது. பாட்டியின் அலமாரியில் சேலைக்கு அடியில் இருக்கும் இளஞ்சிவப்பு நோட்டை எடுத்துக்கொண்டு போய் டாக்ஸிக்காரரிடம் நீட்டினால் வாங்கமாட்டார்.

எவ்வளவு ரூபாய் கொண்டு போகலாம்? வெளிநாட்டில் வசிக்கும், பாகிஸ்தான், வங்காளதேசக் குடிமக்கள் அல்லாத ஒருவர் விமான நிலையம் வழியாக உள்ளே வரும்போது 25,000 ரூபாய் வரை கொண்டுவர இந்திய விதி அனுமதிக்கிறது. இது ஆளுக்கு. குடும்பக் காசு முழுவதையும் அப்பாவின் இடுப்புப் பையில் அடைக்காமல், நாலு பேரிடம் பிரித்து வையுங்கள். முதல் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு தேவையில்லை. 5,000 ரூபாய் போதும். வெளியூருக்கு நேராக வண்டி பேசியிருந்தால் 10,000. அதில் குறைந்தது 1,500 ரூபாய் நூறும் ஐம்பதுமாக இருக்கட்டும். காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் இப்போது டீக்கடை முதல் பூக்கடை வரை கைப்பேசியில் பணம் கட்டும் யூபிஐ. உள்ளூர்க்காரர் கைப்பேசியைக் காட்டிவிட்டுப் போய்விடுகிறார், கடைக்காரரிடம் சில்லறை சேர்வதில்லை. 15 ரூபாய் டீக்கு 500 ரூபாயை நீட்டினால், “ஜிபே இல்லையாக்கா?” என்பார். நம்மிடம் இருக்காது.

வெளிநாட்டுப் பணத்துக்கு வேறு கணக்கு. கையில் நோட்டாக 5,000 அமெரிக்க டாலர் மதிப்பைத் தாண்டினாலோ, நோட்டும் பயணக் காசோலையும் சேர்ந்து 10,000 டாலரைத் தாண்டினாலோ இந்தியச் சுங்கத்தில் அறிவிப்புப் படிவம் எழுதிக் கொடுக்க வேண்டும். மலேசியாவிலிருந்து கிளம்பும்போதும் 10,000 அமெரிக்க டாலர் மதிப்புக்கு மேல் ரொக்கம் இருந்தால் கஸ்டம் 22-ஆம் எண் பாரம். சாதாரணச் சுற்றுலாவுக்கு இந்த எல்லை வராது. கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போகிறவர்கள் மட்டும் கவனியுங்கள்.

கொண்டு போகும் வெள்ளி 50-ம் 100-மாக இருக்கட்டும். 1 வெள்ளி, 5 வெள்ளி பிளாஸ்டிக் நோட்டைச் சில கடைகள் வாங்காது, சில கடைகள் ரேட்டைக் குறைக்கும். பேனா எழுத்து, முத்திரை, கிழிசல், ஒட்டுப்போட்டது எல்லாம் திரும்பி வரும். சில்லறை நாணயத்தை எங்கும் மாற்ற முடியாது. வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்.

எல்லாம் இருந்தும் கவுண்டரில் நிற்க வேண்டி வந்துவிட்டது என்று வையுங்கள். விமானம் நள்ளிரவில் இறங்கியது, ஊரில் ரூபாய் கிடைக்கவில்லை, கார்டும் கைகொடுக்கவில்லை. அப்போது 200 வெள்ளியை மட்டும் எடுங்கள். கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் கால்குலேட்டரில் ரேட்டை அடித்துக் காட்டுவார். அதில் மயங்காமல், “தம்பி, எல்லாம் பிடிச்சது போகக் கையில எவ்வளவு வரும்?” என்று கேட்டு, அந்த எண்ணைச் சொன்ன பிறகுதான் பாஸ்போட்டையும் பணத்தையும் உள்ளே தள்ள வேண்டும். ரசீதில் முதலில் ரேட், அடுத்து மொத்தம், அதன்கீழ் ஜிஎஸ்டி என்ற அரசாங்க வரி. நாம் மாற்றும் பணம் முழுவதற்கும் 18 விழுக்காடு வரி என்று நினைத்துப் பதற வேண்டாம். ஒரு லட்சம் ரூபாய் வரை, தொகையில் 1 விழுக்காட்டைச் சேவையின் மதிப்பாக எடுத்துக்கொண்டு அதற்குத்தான் 18 விழுக்காடு. அந்த மதிப்பு குறைந்தது 250 ரூபாய் என்பதால் வரி 45 ரூபாய்க்குக் கீழே இறங்காது. 25,000 ரூபாய் வரை அதே 45, 50,000-க்கு 90, ஒரு லட்சத்துக்கு 180. ஐம்பது ஐம்பது வெள்ளியாக மூன்று நாள் மாற்றினால் மூன்று முறை 45. நகரத்தில் மாற்றும்போது ஒரே தடவையாக மாற்றச் சொல்வது இதனால்தான்.

ஜிஎஸ்டிக்குக் கீழே வேறு ஏதாவது தொகை எழுதியிருந்தால் என்னவென்று கேளுங்கள். சில கவுண்டர்களில் ‘திரும்பி வாங்கும் உறுதி’ என்று ஒரு கட்டணத்தைச் சேர்த்துவிடுகிறார்கள். போகும்போது மிச்சத்தை இதே ரேட்டில் வாங்கிக்கொள்வார்களாம். ரேட்டே மோசமாக இருக்கும்போது அதற்கு உறுதி எதற்கு? வேண்டாம் என்றால் எடுத்துவிடுவார்கள். சிம் கார்டும் பணம் ஏற்றிய கார்டும் சேர்த்துத் தள்ளப் பார்ப்பதும் உண்டு. பணத்தைக் கண்ணாடி முன்னாலேயே எண்ணுங்கள், பின்னால் நிற்பவர் இருமினாலும் சரி. கட்டில் கிழிந்த நோட்டு இருந்தால் அங்கேயே மாற்றுங்கள். வங்கி அதை வாங்கும், ஆனால் பஸ் கண்டக்டர் வாங்கமாட்டார்.

ஏடிஎம் பல சமயம் கவுண்டரைவிட நல்ல ரேட் தரும், ஆனால் இங்கிருந்தே தயாராகிப் போக வேண்டும். வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் திறந்துவிட்டுக் கிளம்புங்கள், இல்லாவிட்டால் இயந்திரம் கார்டைத் துப்பிவிடும். கார்டில் விசா அல்லது மாஸ்டர்கார்ட் சின்னம் இருக்கிறதா பாருங்கள். நம் பின் நம்பர் ஆறு இலக்கம், இந்தியர்களுக்குப் பெரும்பாலும் நான்கு. சில இயந்திரங்கள் நான்கு அடித்ததும் அடுத்த திரைக்குத் தாவிவிடும். அப்படியானால் திரும்பத் திரும்ப முயன்று கார்டைப் பூட்டிக்கொள்ளாமல் வேறு வங்கி இயந்திரத்துக்குப் போங்கள். ஒரு தடவைக்கு 10,000 ரூபாய்தான் தரும் இயந்திரங்கள் நிறைய. இரு பக்க வங்கியும் ஒவ்வொரு தடவைக்கும் கட்டணம் பிடிக்கலாம், அதனால் 1,000, 2,000 என்று எடுப்பது நஷ்டம். கடைசியில் ஒரு திரை வரும்: உங்கள் நாட்டு நாணயத்தில் கணக்கிடவா, ரூபாயிலேயே விடவா என்று. வெள்ளியில் எவ்வளவு என்று தெளிவாகக் காட்டுவதால் பலர் அதை அழுத்திவிடுகிறார்கள். அது இயந்திரக்காரர் தன் இஷ்டத்துக்குப் போட்ட ரேட். மாற்றத்தை மறுத்து, ரூபாயிலேயே விடுங்கள். பணம் வந்துவிடும். கணக்கை விசாவோ மாஸ்டர்கார்டோ போடும். துணிக்கடையில் கார்டு தேய்க்கும்போதும் இதே கேள்வி வரலாம், பதிலும் இதேதான்.

நகரத்துக்குள் போனபிறகு அவசரமில்லை. சென்னையில் தி.நகர், மண்ணடி, அண்ணா சாலை. திருச்சியில் மத்திய பேருந்து நிலையத்துப் பக்கம். வெள்ளி திருச்சிக்காரர்களுக்குப் பழகிய காசு, யாரும் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கமாட்டார்கள். ரிசர்வ் வங்கி அனுமதி உள்ள கடையில், பாஸ்போட் கொடுத்து, ரசீது வாங்கி மாற்றுங்கள். தெருமுனையில் நின்று “மலேசியாக் காசா? நல்ல ரேட் தரேன்” என்பவரிடம் ரசீதும் கிடையாது, நோட்டு கள்ளமாக இருந்தால் கேட்க ஆளும் கிடையாது. மிச்ச ரூபாயைத் திரும்ப வெள்ளியாக்க நினைத்தால் அந்த ரசீதைக் கேட்பார்கள். பாஸ்போட்டுக்குள்ளேயே மடித்து வையுங்கள்.

தமிழ்நாட்டிலிருந்து இங்கே வரும் சொந்தக்காரர்களுக்கு இதையே திருப்பிச் சொல்லுங்கள். அவர்களும் ஆளுக்கு 25,000 ரூபாய் வரை நோட்டாகக் கொண்டுவரலாம். கேஎல்ஐஏ-வில் மொத்தமாக மாற்றிவிட்டு வருவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு. கேஎல்ஐஏ எக்ஸ்பிரஸ் ரயில் கேட்டில் கார்டைத் தட்டினால் போதும், ஆளுக்கு 55 வெள்ளி. கேஎல் சென்ட்ரலிலிருந்து சுங்கை சிப்புட்டுக்கு இடிஎஸ் ரயில் டிக்கெட்டை நீங்களே ஆன்லைனில் எடுத்து அனுப்பிவிடுங்கள். சாப்பாட்டுக்கும் தண்ணீருக்கும் 100 வெள்ளி போதும், அதை மட்டும் மாற்றச் சொல்லுங்கள். மிச்சத்தை மறுநாள் ஈப்போவில் பார்த்துக்கொள்ளலாம்.

திரும்பும்போது கையில் ரூபாய் மீந்தால், 25,000-க்குள் என்றால் கூடவே கொண்டுவரலாம். அடுத்த ஆறு மாதத்தில் மறுபடி போவதாக இருந்தால் நூறு ரூபாய்க் கட்டாக வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் அடுத்த பயணத்தின் முதல் ஒரு மணி நேரக் காசு. போவதாக இல்லையென்றால் வந்த வாரமே கடையில் விற்றுவிடுங்கள். அலமாரியில் அடுக்க வேண்டாம்.