அலை வரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்

அம்மாவுக்கு கோவிட் பூஸ்டர் எப்போது போடலாம் என்ற பேச்சு வீட்டில் மறுபடியும் கிளம்பியிருக்கிறது. "இப்போதான் யாருக்கும் ஒண்ணும் இல்லையே, பரவ ஆரம்பிச்சதும் போட்டுக்கலாம்" என்கிறார் அப்பா. "புது ஊசி வரப்போகுதாம், அதையே போட்டுக்கலாம், கொஞ்சம் பொறுங்க" என்கிறான் தம்பி. இரண்டு பேர் சொல்வதிலும் பாதி நியாயம் இருக்கிறது. மீதிப் பாதியைத்தான் நிறையப் படித்து, அம்மாவைப் பார்க்கும் மருத்துவரிடமும் கேட்டு, எனக்குள் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். இதே கேள்வி பல வீடுகளில் இருக்கும் என்பதால் எழுதுகிறேன்.

முதலில், இந்த ஊசியிடம் நாம் என்ன எதிர்பார்க்கிறோம்? கோவிட் வரவே கூடாது என்பதா, வந்தாலும் ஆஸ்பத்திரியில் படுக்கிற அளவுக்குப் போகக்கூடாது என்பதா? இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும், ஆனால் இந்த இரண்டுக்கும் ஊசி தரும் பாதுகாப்பின் ஆயுள் வேறு வேறு. 2022 தொடக்கத்தில், ஓமிக்ரான் பரவிக்கொண்டிருந்த சமயத்தில், இஸ்ரேலில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு நான்காவது டோஸ் போட்டார்கள். மூன்று டோஸோடு இருந்தவர்களோடு ஒப்பிட்டால், நான்காவது வாரத்தில் இவர்களுக்குத் தொற்று வருவது ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. எட்டாவது வாரத்தில் அந்த வித்தியாசம் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. ஆனால் நோய் முற்றுவதற்கு எதிரான பாதுகாப்பு, அதை அவர்கள் கவனித்த ஆறு வாரமும் இறங்கவே இல்லை.

காரணம் இதுதான். ஊசி போட்டு இரண்டு வாரம் போல ஆனதும் ரத்தத்தில் ஆன்டிபாடி, அதாவது வைரஸை ஒட்டிப் பிடித்து மடக்கும் புரதம், உச்சத்துக்குப் போகிறது, அப்புறம் மாதாமாதம் இறங்கிக்கொண்டே வருகிறது. மூக்கிலும் தொண்டையிலும் வைரஸ் நுழையும்போதே மடக்க வேண்டுமானால் அந்த ஆன்டிபாடி நிறைய இருக்க வேண்டும். வைரஸை அடையாளம் நினைவில் வைத்திருக்கும் எதிர்ப்புச் செல்களான பி செல்களும் டி செல்களும் அவ்வளவு சீக்கிரம் போய்விடுவதில்லை. வைரஸ் உள்ளே வந்த சில நாட்களில் அவை வேலையை ஆரம்பித்து, விஷயம் நுரையீரல் வரை போகாமல் பார்த்துக்கொள்கின்றன. வயதானவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இந்தச் செல்கள் எழுவதும் மெதுவாகத்தான் நடக்கும். அவர்களுக்குத்தான் பூஸ்டர் திரும்பத் திரும்பத் தேவைப்படுகிறது.

2021-இல் இதே இஸ்ரேலில் மூன்றாவது டோஸ் வந்தபோது கணக்கு வேறு மாதிரி இருந்தது. அது டெல்டா காலம். 60 வயதுக்கு மேற்பட்டவர்களில் பூஸ்டர் போட்டவர்களுக்குத் தொற்று 11 மடங்கு குறைந்திருந்தது. அந்த எதிர்பார்ப்பு நம் மனதில் அப்படியே தங்கிவிட்டது. "மூணு ஊசி போட்டும் வந்துடுச்சே, அப்புறம் எதுக்கு இன்னொண்ணு?" என்று கேட்கிறவர்கள் மேல் எனக்குக் கோபமே வருவதில்லை. ஓமிக்ரானுக்குப் பிறகு ஊசியின் முக்கியமான வேலை எது என்பதை அவர்களுக்குப் பொறுமையாக உட்கார்ந்து சொன்னவர்கள் குறைவு.

இப்போது அப்பா சொல்வதற்கு வருகிறேன். பரவ ஆரம்பித்ததும் போட்டுக்கொள்ளலாம் என்பதில் உள்ள சிக்கல், பரவ ஆரம்பித்தது நமக்கு எப்போது தெரியும் என்பதுதான். 2023 மே 5-ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் அவசர நிலை முடிந்தது என்று அறிவித்தது. அப்புறம் பெரும்பாலான நாடுகளில் தினசரி எண்ணிக்கை என்ற ஒன்றே நின்றுபோனது. வீட்டில் டெஸ்ட் எடுத்துக்கொள்பவர்கள் கணக்கில் வருவதில்லை, பலர் டெஸ்டே எடுப்பதில்லை. சாக்கடை நீரில் வைரஸ் எவ்வளவு என்று அளந்து பார்க்கிற ஊர்களில் ஓரளவு முன்கூட்டியே தெரிகிறது, மற்ற இடங்களில் பக்கத்து வீட்டில் இருமல் கேட்கும்போதுதான் தெரிகிறது. அன்றைக்கே ஓடிப்போய்ப் போட்டாலும் பாதுகாப்பு முழுதாக ஏற இரண்டு வாரம் வேண்டும். ஃப்ளூவைப் போல ஒரு பருவத்துக்குள் கோவிட் அடங்குவதும் இல்லை, பல நாடுகளில் கோடையில் ஒரு முறை, குளிரில் ஒரு முறை என்று ஏறி இறங்குகிறது. ஆபத்து அதிகமுள்ள ஒருவருக்கு அலையைக் கணித்து ஊசி போடுவதை நான் நம்பவில்லை. போன ஊசியிலிருந்தோ போன தொற்றிலிருந்தோ எவ்வளவு காலம் ஆயிற்று என்பதுதான் நம் கையில் உறுதியாக இருக்கிற ஒரே தகவல், அதை வைத்தே முடிவெடுக்க வேண்டும்.

எவ்வளவு காலம்? உலக சுகாதார நிறுவனம் 2023 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டுதலில், ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கு வயதையும் உடல்நிலையையும் பொறுத்து 6 மாதம் அல்லது 12 மாதம் என்று சொன்னது. பிரிட்டனில் 75 வயதைக் கடந்தவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி மிகக் குறைந்தவர்களுக்கும் வருடத்தில் இரண்டு முறை, வசந்தத்தில் ஒன்று, இலையுதிர் காலத்தில் ஒன்று என்று போட்டுவந்தார்கள். அதற்காக அவசரப்பட்டு இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு முறை போட்டுக்கொள்வதிலும் பயன் இல்லை. ஊசி போட்ட பிறகும் நிணநீர் முடிச்சுகளுக்குள் பி செல்கள் மாதக் கணக்கில் தங்களைக் கூர்மைப்படுத்திக்கொண்டே இருக்கின்றன, அந்த வேலை நடக்க இடைவெளி வேண்டும். ரத்தத்தில் ஏற்கனவே ஆன்டிபாடி நிறைய இருந்தால் புது ஊசி தரும் தூண்டுதலும் குறைந்துபோகும். 2021-இல் பிரிட்டனில் முடிந்தவரை நிறையப் பேருக்கு முதல் டோஸ் போய்ச் சேரட்டும் என்று இரண்டாவது டோஸை 12 வாரம் தள்ளிவைத்தார்கள். பலர் பயந்தார்கள், கடைசியில் 80 வயதைத் தாண்டியவர்களைச் சோதித்துப் பார்த்தபோது, மூன்று வார இடைவெளியில் போட்டவர்களைவிட இவர்களுக்கு ஆன்டிபாடி மூன்றரை மடங்கு அதிகம் இருந்தது.

நடுவில் கோவிட் வந்துபோனால், ஊசி போட்ட மாதிரி அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஊசியும் தொற்றும் சேர்ந்த எதிர்ப்புச் சக்தி, நோய் முற்றுவதைத் தடுப்பதில் ஒரு வருடம் கழித்தும் 95 சதவீதத்துக்கு மேல் நின்றது என்று பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து 2023-இல் எழுதினார்கள். மறுபடி தொற்றே வராமல் தடுப்பதில் அதே ஒரு வருடத்தில் ஏறக்குறைய 42 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. அதனால் தொற்று வந்தவர்கள் அடுத்த ஊசியை மூன்று மாதம் தள்ளிப்போடலாம் என்பது பொதுவான ஆலோசனை. ஆனால் வந்தது கோவிட்தானா என்று தெரிந்திருக்க வேண்டும் இல்லையா? சளி, காய்ச்சல் என்றால் வீட்டிலேயே ஒரு டெஸ்ட் எடுத்து, தேதியை எழுதிவையுங்கள் என்று நான் எல்லோரையும் நச்சரிப்பது இதனால்தான்.

தம்பி சொல்லும் புது ஊசி விஷயம் கொஞ்சம் சிக்கலானது. 2022-இல் பழைய வைரஸும் ஓமிக்ரானும் சேர்ந்த ஊசி வந்தது, அப்புறம் ஓமிக்ரானின் வழிவந்த திரிபுகளுக்கு, 2023-இல் எக்ஸ்பிபி.1.5, 2024-இல் ஜேஎன்.1 மற்றும் கேபி.2, 2025-இல் எல்பி.8.1 என்று வருடா வருடம் மாற்றிக்கொண்டே வருகிறார்கள். ஒவ்வொரு முறையும் ஊசி நம் கைக்கு வரும்போது வைரஸ் இன்னும் ஓர் அடி முன்னே போயிருக்கும். அப்படியும் வேலை செய்கிறது: எக்ஸ்பிபி ஊசி போட்டவர்களுக்கு, போடாதவர்களைவிட அறிகுறியோடு தொற்று வருவது ஏறக்குறைய 54 சதவீதம் குறைவாக இருந்தது என்று அமெரிக்காவில் கண்டார்கள், அந்த ஆய்வின் கடைசிப் பகுதியில் அங்கே ஜேஎன்.1 பரவ ஆரம்பித்திருந்தது. புது ஊசி இன்னும் சில வாரத்தில் வந்துவிடும் என்று உறுதியாகத் தெரிந்தால் பொறுக்கலாம். 'வரப்போகுதாம்' என்கிற அளவில் இருந்தால், ஆறு மாதம் தாண்டிய ஒரு வயதானவரை அதற்காகக் காக்க வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இருப்பதைப் போட்டுக்கொண்டு, புதியதை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம்.

அம்மா விஷயத்தில் இன்னொரு கணக்கும் இருக்கிறது, என்னை அதிகம் யோசிக்க வைத்தது அதுதான். அம்மாவுக்கு முடக்குவாதம். வாரத்தில் ஒரு நாள் மெத்தோட்ரெக்ஸேட் சாப்பிடுகிறார், மாத்திரைப் பெட்டியில் அந்த ஒரு நாளின் கட்டத்தில் மட்டும் சின்னச் சின்ன மஞ்சள் மாத்திரைகள் கூடுதலாக இருக்கும், மறுநாள் ஃபோலிக் ஆசிட். மூட்டைத் தாக்கும் எதிர்ப்புச் சக்தியை அடக்கத்தான் அந்த மாத்திரை, அதே காரணத்தால் ஊசிக்கு உடல் காட்டும் பதிலையும் அது மட்டுப்படுத்துகிறது. பிரிட்டனில் நடந்த ஓர் ஆய்வில், பூஸ்டர் போட்ட பிறகு இரண்டு வாரம் மட்டும் மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்தியவர்களுக்கு, நிறுத்தாதவர்களைவிட ஆன்டிபாடி ஏறக்குறைய இரண்டு மடங்கு வந்தது. மூட்டு வலி கிளம்பியவர்களும் அவர்களில் அதிகம், ஆனால் பெரும்பாலானவர்கள் வீட்டிலேயே சமாளித்துக்கொண்டார்கள். இதை மருத்துவரிடம் சொன்னபோது, இப்போது மூட்டு அமைதியாக இருப்பதால் இரண்டு வார மாத்திரையை விட்டுவிடலாம், வீக்கம் வந்தால் உடனே அழையுங்கள் என்றார். ஆக, அம்மாவுக்கு ஊசி எப்போது என்ற கேள்விக்குள் மூட்டு அமைதியாக இருக்கும் காலம் எது என்ற கேள்வியும் அடக்கம். மழைக்காலத்திலோ குளிரிலோ வலி கூடுபவர்களுக்கு அந்தச் சமயத்தில் மாத்திரையை நிறுத்துவது கொடுமை. முடக்குவாதத்துக்குச் சிலருக்கு ஏற்றும் ரிடுக்ஸிமாப் என்ற மருந்து போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம்: அந்த மருந்து பி செல்களையே அழித்துவிடும், போட்ட கொஞ்ச நாளில் தடுப்பூசி போட்டால் ஆன்டிபாடி கிட்டத்தட்ட வரவே வராது. அடுத்த ரிடுக்ஸிமாப் தேதிக்கு ஒரு மாதம் முன்பாகத் தடுப்பூசி போடும்படி திட்டமிடச் சொல்கிறார்கள். எதுவானாலும் மருத்துவரைக் கேட்காமல் நீங்களாக மருந்தை நிறுத்தாதீர்கள், தயவுசெய்து.

கர்ப்பமாக இருப்பவர்களுக்குக் காலக்கணக்கு வேறு. தாயின் ஆன்டிபாடி நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகிறது, ஆறு மாதத்துக்குக் குறைவான குழந்தைகளுக்கு கோவிட் ஊசி கிடையாது என்பதால் அவர்களுக்கு இருக்கிற பாதுகாப்பே அதுதான். கர்ப்பத்தின் நடுப்பகுதியில் போடுவது நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இளம் வயது, வேறு நோய் இல்லை, முன்பே பூஸ்டர் போட்டாயிற்று, கோவிட்டும் வந்துபோய்விட்டது என்றால் அவசரமே இல்லை. இவர்களுக்கு முதல் பூஸ்டருக்கு மேல் வழக்கமாகப் போடும்படி உலக சுகாதார நிறுவனமும் பரிந்துரைக்கவில்லை, போட்டால் தீங்கு என்றும் சொல்லவில்லை. எம்ஆர்என்ஏ ஊசிக்குப் (ஃபைசர், மாடர்னா வகை) பிறகு அரிதாக வரும் இதயத் தசை அழற்சி இளம் ஆண்களிடம்தான் அதிகம் பார்க்கப்பட்டது, முதல் இரண்டு டோஸுக்கு நடுவே எட்டு வாரம் போல விட்டால் அது குறைகிறது என்றும் தெரிந்திருக்கிறது. அதனால் தம்பி இப்போதைக்குப் போடாமல் இருப்பதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. நான் போட்டுக்கொள்வேன், அம்மாவுக்கு மாத்திரை நிறுத்தியிருக்கும் அந்த வாரங்களில் நான் எதையும் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடக் கூடாது. அந்தப் பாதுகாப்பு இரண்டு மாதத்துக்குத்தான் என்று தெரிந்தேதான் போட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு வயதே போதுமான காரணம். மூன்று பேரும் ஒரே நாளில் காய்ச்சலோடு படுத்துவிடாமல் இருக்க, நான் முதலில், இரண்டு வாரம் கழித்து அவர்கள் என்று பேசி வைத்திருக்கிறோம்.

மற்றவை சின்ன விஷயங்கள். பயணமோ கல்யாணமோ இருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள். காய்ச்சலோடு இருக்கிற நாளில் போட வேண்டாம், தணிந்ததும் போங்கள். ஃப்ளூ ஊசியை அதே நாளில் இன்னொரு கையில் போட்டுக்கொள்ளலாம். பாராசிட்டமாலை முன்கூட்டியே விழுங்காமல், உடம்பு வலித்த பிறகு சாப்பிட்டால் போதும். அறுவைச் சிகிச்சை தேதி பக்கத்தில் இருந்தால் சில நாள் இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் காய்ச்சல் ஊசியாலா வேறு எதனாலா என்று மருத்துவர்கள் குழம்புவார்கள். சிலருக்கு ஊசி போட்ட பக்கம் அக்குளில் நெறி கட்டும், தொட்டால் வலிக்கும், போகச் சில வாரம்கூட ஆகலாம். அந்த நெறி ஸ்கேனில் தெரிந்து குழப்பலாம் என்பதால் மார்பக ஸ்கேன் எடுக்க வேண்டிய பெண்கள் ஊசிக்கு முன்பே எடுத்துவிடுவது நல்லது, முடியாவிட்டால் எந்தக் கையில் எந்தத் தேதியில் போட்டீர்கள் என்று ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிடுங்கள்.