உப்பில்லாத நாற்பது ரொட்டிகள்

"உனக்குச் சரியாக வந்திருப்பதாகத் தோன்றுகிறதா?" என்று கேட்டார் பெரியப்பா. "வந்திருக்கிறது" என்றேன். "அப்படியானால் அடுப்பில் வை" என்றார். பேச்சு அவ்வளவுதான். ஆனால் இன்றும் விடிகாலையில் மாவு பிசையும்போது அந்தக் கேள்வி வந்து பக்கத்தில் நிற்கிறது.

அதற்குள் நான் பலமுறை தோற்றிருந்தேன். கொதிக்கும் நீரை ஊற்றி ஈஸ்ட்டைக் கொன்றேன். 60 டிகிரி சூட்டில் அது பிழைக்காது என்பதையே தெரிந்துகொள்ளாத அவசரக்காரன். பொறுமையில்லாமல் ரொட்டியைச் சுடச்சுட அறுத்து, உள்ளே களியாக இருப்பதைப் பார்த்து, வேகவில்லை என்று மறுபடி அடுப்பில் தள்ளினேன். ஆறும்போதுதான் உள்பதம் கூடுகிறது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பெரியப்பா சொன்னதாக வீட்டில் சொல்கிறார்கள். இருக்கலாம்.

அன்று 10 கிலோ மாவு. அதற்கான 200 கிராம் உப்பை நிறுத்து, கிண்ணத்தில் எடுத்து வைத்தவனும் நான்தான். கிண்ணம் மாவு மூட்டைக்குப் பின்னால் அப்படியே இருந்துவிட்டது. மாவு வழக்கத்தைவிடச் சீக்கிரம் பொங்கியது. எனக்குப் பெருமை! கையில் பிசுபிசுவென்று ஒட்டியதைக்கூட நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டேன். உப்புதான் ஈஸ்ட்டின் வேகத்தை அடக்கும், மாவுக்கு இறுக்கம் தரும் என்பது பிறகு புரிந்தது. பெரியப்பா ஒரு விரலை அழுத்தினார். பள்ளம் மேலெழும்பவில்லை; மாவு அளவுக்கு மீறிப் பொங்கிவிட்டதன் அடையாளம் அது. என்னைப் பார்த்தார். கேட்டார்.

நாற்பது ரொட்டிகளும் வெளிறிப்போய், தோள் சரிந்து வெளியே வந்தன. வாயில் போட்டால் வெறும் சக்கை. அவர் எதுவும் சொல்லாமல் மூட்டையை நகர்த்திக் கிண்ணத்தை எடுத்து மேசையில் வைத்தார்.

தெரிந்தேதான் விட்டார் என்று வெகுகாலம் கோபப்பட்டேன். பிறகு அதுவே நியாயமாகவும் பட்டது: அதற்குப்பின் ஒருநாளும் நான் உப்பை மறந்ததில்லை. இப்போது என்னிடம் வேலை பழகும் பையனுக்கு நான் கையோடு சொல்லிவிடுகிறேன், "உப்பு போட்டாயா?" என்று. அவன் மூன்று முறை மறந்திருக்கிறான். சொல்லாமல் விடலாமா என்று நினைப்பேன், வாய் கேட்பதில்லை.

ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. பிசைந்த தொட்டியில் ஒட்டிய மாவையும் சுரண்டி எடுக்கிற மனிதர் அவர். எனக்குப் பாடம் சொல்ல நாற்பது ரொட்டிகளை வீணடிப்பாரா? அந்த மாதங்களில் மேலோட்டின் நிறத்தையும் என்னைத்தான் பார்க்கச் சொன்னார். சூட்டுத் தட்டுகளைப் பிடித்துப் பிடித்து அவர் விரல் நுனிகள் காய்த்துப்போயிருந்தன. அன்று மாவை அழுத்திய விரலை எடுத்தவர், இன்னொரு விரலாலும் அழுத்திப் பார்த்தார். அப்போது அதை நான் கவனித்தேன், பொருட்படுத்தவில்லை.

அவர் உண்மையிலேயே என்னிடம் கேட்டிருக்கிறார் என்றால், நான் யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறேன்.

மறுநாளிலிருந்து மாவை முதலில் என்னைத் தொடச் சொன்னார். பிறகு அவரும் தொடுவார். நான் சொன்னதற்கு மாறாக அவர் எதுவும் சொன்னதாக நினைவில்லை.