பொடி வைக்காத வளையம்

சேலத்தில் வெள்ளி வேலை என்றாலே கொலுசுதான். செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டுத் திண்ணையில்கூட யாராவது உட்கார்ந்து கண்ணி கோத்துக்கொண்டிருப்பார்கள். அங்கே இணைப்பு எல்லாம் பற்றாசில்தான், அதாவது வெள்ளியைவிடக் குறைந்த சூட்டில் உருகும் ஒட்டுப்பொடியில். பொடியும் வெண்காரமும் வைத்துச் சூடு காட்டினால், பொடி முதலில் உருகி ஓடி இடைவெளியை அடைத்துவிடும். நான் வேலைக்குச் சேர்ந்த பட்டறையில் கொலுசு கிடையாது. 999 என்று சொல்லும் சுத்த வெள்ளிக் கம்பியை, பொடி எதுவும் இல்லாமல், அதன் முனையோடு முனையை உருக்கியே ஒட்டிச் சங்கிலியும் மோதிரமும் செய்கிறார்கள். அதுவரை எனக்குத் தெரிந்த வெள்ளி வேலை கடையில் எடை போட்டு பில் எழுதியது மட்டும்தான்.

இந்த வேலைக்குச் சுத்த வெள்ளிதான் வேண்டும். 92.5 வெள்ளியில் மீதி 7.5 சதவீதம் பெரும்பாலும் செம்பு. நெருப்புப் பட்டால் செம்பு கறுக்கும். அந்தக் கறுப்பு நடுவில் நின்றால் இரண்டு முனையும் சேராது. 999-இல் அந்தத் தொல்லை இல்லை. வெண்காரம் வேண்டாம், வேலை முடிந்தபின் அமிலத்தில் போட்டு எடுக்கவும் வேண்டாம். நேராகத் தண்ணீரில் போடலாம். சுத்த வெள்ளி உருகுவது சுமார் 962 டிகிரி செல்சியஸில். அதை நெருங்கும்போது கம்பியின் மேல்பகுதி இளகிப் பளபளக்கும், உள்ளே இன்னும் கெட்டியாக இருக்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் ஒட்டு விழுந்துவிட வேண்டும்.

புதிதாக வருகிறவர்கள் எல்லோருக்கும் சுடர் வீசும் கேஸ் டார்ச்சின் மேல்தான் கண். பட்டறை நடத்தும் அக்கா அதை லேசில் கையில் கொடுப்பதில்லை. முதலில் கம்பியை இரும்புக் கோலில் நெருக்கமாகச் சுற்ற வேண்டும். அந்தச் சுருளை மெல்லிய ரம்பத்தால் நீளவாக்கில் அறுத்தால் வளையங்கள் ஒவ்வொன்றாக உதிரும். கட்டரால் நறுக்கினால் சீக்கிரம் முடியும்தான், ஆனால் ஒரு முனை கூராக நிற்கும். ரம்பம் போன இடத்தில் இரண்டு முனையும் ஒரே வெட்டில் தட்டையாக வரும். அப்புறம் வாய் சேர்ப்பது, அதாவது வளையத்தின் வெட்டுப்பட்ட இடத்தை மூடுவது. இரண்டு குறட்டால் பிடித்து, முனைகளை ஒன்றையொன்று சற்றுத் தாண்டிப் போகும்படி தள்ளி, பின்னால் இழுத்து எதிரெதிரே நிறுத்த வேண்டும். கம்பிக்குள் இருக்கும் விறைப்பிலேயே முனைகள் அழுந்தி நிற்கும். சரியாகச் சேர்ந்தால் விரலில் ஒரு சின்ன 'டிக்' தெரியும். பிறகு வளையத்தை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பார்ப்பது. வாயில் மயிரிழை வெளிச்சம் தெரிந்தாலும் அது நெருப்புக்குப் போகாது.

பொடி இடைவெளியை மன்னிக்கும், உருக்கி ஒட்டுவது மன்னிக்காது. இடைவெளி இருந்தால் சூட்டில் இரண்டு முனையும் தனித்தனியே பின்வாங்கி, ஆளுக்கொரு குண்டாகத் திரண்டுகொள்ளும். அதன்பின் எவ்வளவு சூடு காட்டினாலும் பயனில்லை. என்னைக் கேட்டால் இந்த வேலையில் முக்கால்வாசி டார்ச்சைப் பற்றவைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது.

சரி, நெருப்புக்கு வருவோம். வளையங்களைக் கரிக்கட்டி மேல் வரிசையாக வைப்போம், எல்லா வாயும் ஒரே பக்கம் பார்த்தபடி. டியூப் லைட்டை அணைத்துவிடுவோம்; வெளிச்சத்தில் வெள்ளியின் நிறம் மாறுவது கண்ணுக்குப் பிடிபடாது. ஒட்டு வேண்டிய இடத்தில் மட்டும் சூடு காட்டலாம் என்றுதான் யாருக்கும் தோன்றும். வெள்ளியிடம் அது நடக்காது. உலோகங்களிலேயே வெப்பத்தை அதிகமாகக் கடத்துவது அதுதான். ஓரிடத்தில் காட்டும் சூடு உடனே வளையம் முழுக்கப் பரவிவிடும். அதனால் சுடரை வளையத்தைச் சுற்றி ஓட்டிக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் வெண்மை மங்கும், பிறகு மங்கலான சிவப்பு, அது ஆரஞ்சாகும். அதற்குப் பின் கம்பியின் மேல் பாதரசம் ஓடுவது போல ஒரு மினுக்கு. அது வாயைக் கடக்கும்போது கோடு மறையும், சுடரைத் தூக்கிவிட வேண்டும். கொஞ்சம் தாமதித்தால் கம்பி அங்கே மெலியும். இன்னும் தாமதித்தால் வளையம் அறுந்து சுருண்டு குண்டாகிவிடும். தடித்த வளையத்தோடு மெல்லிய கம்பியைச் சேர்க்கும்போது சுடர் தடித்ததன் மேல்தான் நிற்க வேண்டும், மெல்லியது எப்படியும் முந்திக்கொள்ளும்.

பக்கத்துப் பட்டறையில் காலமெல்லாம் கொலுசு செய்த பெரியவர் ஒருவர் அடிக்கடி டீக்கு வருவார். "பொடி வைக்காம நிக்குமாம்மா?" என்று ஒரு வளையத்தைக் கேட்டு வாங்கினார். குறட்டால் இரண்டு பக்கமும் இழுத்தார். வளையம் நீள்வட்டமானது, வாய் விடவில்லை. கண்ணருகே கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒட்டு எங்க இருக்குன்னே தெரியலையே" என்றார். அடுத்த மூச்சிலேயே, "ஆனா இவ்ளோ மெத்துனு இருந்தா கொலுசுக்கு ஆவாதும்மா" என்றார்.

அவர் சொன்னது சரி. சுத்த வெள்ளி இயல்பிலேயே மென்மை; அவ்வளவு சூட்டுக்குப் போய்வந்தபின் இன்னும் மென்மை. மோதிரம் என்றால் கூம்புக் கோலில் ஏற்றி மரச் சுத்தியால் தட்டித் தட்டி இறுக்குகிறோம். வாய் சரியாக ஒட்டாதது அப்படித் தட்டும்போதே திறந்துகொள்ளும், அதுவே சோதனையும்கூட. சங்கிலிக்கு வேறு வழி. வட்டத்தை இழுத்து நீட்டி, இடுப்பை நெருக்கி, இரண்டாக மடித்து, அந்த மடிப்புக்குள் அடுத்ததை நுழைப்பது. இதற்கு மென்மைதான் வசதி. கடைசியில் ஒவ்வொரு கண்ணியிலும் கம்பி இரட்டையாக நிற்பதால் சங்கிலிக்குப் பலம் வந்துவிடுகிறது. இந்தப் பின்னல் மிகப் பழசு. ஈராக்கில் ஊர் என்ற பண்டைய நகரின் அரச கல்லறைகளில், சுமார் 4500 ஆண்டுகளுக்கு முற்பட்ட நகைகளிலேயே இருக்கிறது. பின்னி முடித்ததும் மரப்பலகையில் துளை போட்டு, பெரிய துளையிலிருந்து சின்னதுக்கு மாற்றி மாற்றி இழுத்தால் மேடு பள்ளம் அடங்கும்.

பில் எழுதிய பழக்கத்தில் எனக்குப் பிடித்தது சேதாரக் கணக்கு. பொடி கலந்த கழிவை உருக்கினால் டச், அதாவது வெள்ளியின் சுத்தம், குறையும், அதற்கேற்ற விலைதான் கிடைக்கும். எங்கள் டப்பாவில் விழும் குண்டும் துண்டும் 999-தான், அப்படியே உருக்கி மறுபடி கம்பி இழுக்கலாம். ரம்பத்தூள்தான் கைவிட்டுப் போவது. அதற்கும் மடியில் ஒரு தோல் விரித்துக்கொள்கிறோம். 2025-இல் வெள்ளி ஏறிய ஏற்றத்துக்குப் பிறகு அந்தத் தோலை உதறும் வேலையை அக்கா யாரிடமும் விடுவதில்லை.