ஆடியில் வைத்த பத்து பைகள்

ஜூலை 17, ஆடி 1

"ஆடிப்பட்டம் தேடி விதைன்னு சும்மாவா சொன்னாங்க" என்று அத்தை வருடா வருடம் சொல்வார். "மதுரையில விதைக்க எங்க அத்தை நிலம்?" என்று நானும் வருடா வருடம் தட்டிக்கழிப்பேன். இன்று ஆபீஸ் விட்டு வரும் வழியில் என்ன தோன்றியதோ, பத்து குரோ பேக் வாங்கிவிட்டேன். 12 அங்குல அகலம், 12 அங்குல உயரம். மாடி ஒழுகும் என்று இவர் ஆரம்பித்தார். பைக்கு அடியில் இரண்டு செங்கல் வைத்தால் தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும் என்று சமாதானம் சொல்லியிருக்கிறேன். ரசாயன உரம், பூச்சிமருந்து இரண்டும் கிடையாது. அது மட்டும் முடிவு.

ஜூலை 20

கோகோபீட் கட்டி ஐந்து கிலோ. பெரிய டப்பில் போட்டுத் தண்ணீர் ஊற்ற ஊற்ற, ரவை வெந்த மாதிரி பொங்கிக்கொண்டே வந்தது. தென்னை நாரில் உப்பு இருக்கும், அலசாமல் போட்டால் வேர் கருகும் என்றார் கடைக்காரர். முதல் தண்ணீர் கடுங்காப்பி நிறம். மூன்றாவது அலசலில்தான் வெளுத்தது. செம்மண் ஒரு பங்கு, நார் ஒரு பங்கு, மூன்றாவது பங்கு தொழு உரம். உரம் கையில் இல்லை. தெருமுனைப் பால்காரரிடம் அன்றைய சாணம் ஒரு கூடை வாங்கிக் கலந்துவிட்டேன். பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கு. அத்தை உசிலம்பட்டிப் பக்கம் ஊருக்குப் போயிருக்கிறார். வருவதற்குள் விதைத்துக் காட்டிவிட வேண்டும்.

ஜூலை 26

இரவு ஊறவைத்த நாட்டு வெண்டை விதையை ஊன்றினேன். அவரையும். ஒரு பையில் அரைக்கீரை தூவினேன்.

ஆகஸ்ட் 1

கீரை விதையை எறும்பு தூக்கிப் போய்விட்டது. ஒன்றுகூட மிச்சமில்லை. வெண்டை முளைத்தது, முளைத்த மறுநாளே தலையைத் தொங்கப் போட்டுவிட்டது. தண்ணீர் போதவில்லையோ என்று காலையும் மாலையும் ஊற்றினேன். இன்னும் மோசம்.

ஆகஸ்ட் 3, ஆடிப்பெருக்கு

அத்தை வந்தார். வந்ததும் மாடிக்குத்தான் போனார். எதுவும் பேசாமல் பைக்குள் விரலை விட்டுப் பார்த்தார். "நீயும் விட்டுப் பாரு." விட்டேன். மண் உள்ளே வெதுவெதுவென்று இருந்தது, காய்ச்சல்காரர் உள்ளங்கை மாதிரி.

"பச்சைச் சாணி போட்டியா? அது உள்ளுக்குள்ள மக்கும்போது சூடு கிளப்பும்த்தா. வேரு வெந்துரும். மக்கின குப்பைதான் போடணும்."

எல்லாவற்றையும் கொட்டி, ஒரு மூலையில் குவித்து, காய்ந்த இலை கலந்து மக்கவிட்டோம். பைகளுக்குப் புதிதாக மண்புழு உரம் வாங்கிக் கலந்தேன். கீரை விதையோடு அத்தை மணலும் ஒரு கைப்பிடி அரிசி நொய்யும் கலந்தார். எறும்பு நொய்யைத் தூக்கிக்கொண்டு போகும், விதை தப்பிக்கும் என்பது கணக்கு. ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தேன். வரிசை வரிசையாக நொய்தான் போனது.

ஆகஸ்ட் 9

எல்லாம் முளைத்துவிட்டது. இப்போது அத்தை என் வாளியைப் பறிமுதல் செய்துவிட்டார். "குளிக்கவா ஊத்துற? மேல் மண்ணு காஞ்சா ஊத்து, இல்லாட்டி சும்மா இரு." சும்மா இருப்பதுதான் எனக்கு வராது.

ஆகஸ்ட் 20

பஞ்சகவ்யம் வாங்கினேன். கொடுமுடி டாக்டர் நடராஜன் வகுத்துக் கொடுத்த கலவை. சாணம், கோமியம், பால், தயிர், நெய்யோடு வெல்லம், இளநீர், வாழைப்பழம் எல்லாம் சேர்த்து நொதிக்க வைப்பது. லிட்டர் தண்ணீருக்கு 30 மில்லி. அதிகம் ஊற்றினால் அதிகம் வளருமே என்று கை துறுதுறுத்தது. பச்சைச் சாணி ஞாபகம் வந்து அளந்தே ஊற்றினேன். மூடியைத் திறந்ததும் இவர் கீழே இறங்கிப் போய்விட்டார்.

ஆகஸ்ட் 29

அரைக்கீரை முதல் அறுப்பு. வேரோடு பிடுங்காமல் நுனியைக் கிள்ளினால் மறுபடி துளிர்க்கும். பூண்டு தட்டிப் போட்டுக் கடைந்தோம். ஐந்து பேருக்கு ஆளுக்கொரு கரண்டி வந்தது.

செப்டம்பர் 2

அவரைக் கொழுந்து முழுக்கக் கறுப்பு அசுவினி, செடியின் சாறு உறிஞ்சும் குட்டிப் பூச்சி. எள்ளை அள்ளி ஒட்டினதுபோல அடை அடையாக. எறும்புகள் கூடவே ஏறி இறங்குகின்றன. அசுவினி விடும் இனிப்புத் தண்ணீருக்காக எறும்பே அதற்குக் காவல் இருக்குமாம். அதுவும் போதாதென்று கறுப்பாக, முதுகில் ஆரஞ்சுப் புள்ளியோடு, குட்டி முதலை மாதிரி ஒரு புழு. அரை அங்குலம்கூட இருக்காது. பார்க்கவே அருவருப்பு. ஏழெட்டைக் குச்சியால் தள்ளி நசுக்கினேன்.

செப்டம்பர் 4

நசுக்கியது பொறிவண்டின் புழுக்களை! பக்கத்து மாடி அக்காவிடம் போனில் எடுத்த படத்தைக் காட்டினேன். தலையில் அடித்துக்கொண்டார். அசுவினியைத் தின்பதே அந்தப் புழுதானாம், வண்டான பிறகும் அதையே தின்னுமாம். எனக்குச் சம்பளமில்லாமல் வேலை பார்த்தவர்களைப் போய் நசுக்கியிருக்கிறேன். சாப்பாடு இறங்கவில்லை, நிஜமாகவே. வேப்பெண்ணெய் 5 மில்லி, காதி சோப்புக் கரைசலில் நன்றாக அடித்து, ஒரு லிட்டர் தண்ணீரில் கலந்து வைத்திருந்தேன். அந்தப் புழுக்கள் மிச்சமிருந்த கொடியை விட்டுவிட்டு, மற்ற கொடிகளுக்கு மட்டும் வெயில் தாழ்ந்தபின் தெளித்தேன்.

செப்டம்பர் 10

தெளிக்காத கொடியில் அசுவினி பாதிக்கு மேல் காலி. இலைக்கு அடியில் ஒரு முதலை வாலை ஒட்டிக்கொண்டு அசையாமல் உருண்டு கிடந்தது. கூட்டுப்புழு ஆகிவிட்டது போல. கிட்டே மூச்சுவிடக்கூட யோசித்தேன்.

செப்டம்பர் 15

வெண்டைப் பூ. வெளிர்மஞ்சள், நடுவில் அடர்ந்த குங்குமக் கறுப்பு. காலையில் விரிந்தது மாலையில் சுருண்டுவிட்டது. வேலை நாளாக இருந்தால் பார்த்தே இருக்க மாட்டேன்.

செப்டம்பர் 21

ஏழு வெண்டைக்காய். அத்தை ஒவ்வொன்றின் நுனியையும் ஒடித்துப் பார்த்துத்தான் பறிக்க விட்டார். டக்கென்று ஒடிந்தால் பிஞ்சு, வளைந்தால் முற்றல். ஏழையும் வதக்கிச் சாம்பாரில் போட்டோம். என் மகள் தன் தட்டில் எத்தனை துண்டு என்று எண்ணினாள்.

செப்டம்பர் 28

ஒருநாள் விட்டு ஒருநாள் பறிக்காவிட்டால் முற்றிவிடுகிறது. இலை மறைவில் ஒன்று விரல் நீளத்தைத் தாண்டி விறைத்து நின்றது. வீணாய்ப் போச்சே என்று ஒடிக்கப் போனேன்.

"அதத் தொடாத" என்றார் அத்தை. பூக்கட்டும் நாரில் கொஞ்சம் கிழித்து அந்தக் காம்பில் கட்டினார். செடியிலேயே காய்ந்து வெடிக்கிற பதம் வரும்வரை நிற்கட்டுமாம். அடுத்த பட்டத்துக்கு விதை.